படம் என்று மட்டும் சொன்னது போன்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை. மருதமுனையில் என் வீட்டுக் குசினியில், ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தேன். வெளியே என் கணவர் தன் ஆட்டோவைக் கழுவிக் கொண்டிருந்த சத்தம் கேட்டது. எந்த விசேஷமும் இல்லாத காலைதான். அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குக் கண் தெரியாது. பிறவியில் வந்ததல்ல. கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று, பாடசாலையில் படிப்பித்துக் கொண்டிருந்த காலத்தில் கண்ணில் அழுத்தம் கூடி, முதலில் ஓரங்கள் மறைந்தன, பிறகு நடுவும் போய்விட்டது. அழுது தீர்க்க வேண்டியதை அப்போதே அழுது தீர்த்துவிட்டேன். இரக்கப்பட்டுக் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி விடுகிறவர்களிடம், “நான் அந்தப் பக்கம் போகவே இல்லையே தம்பி” என்று சொல்லித் திரும்பக் கொண்டு வந்து விடச் சொல்லும் ரகம் நான்.

போன்தான் எனக்குக் கண். திரையில் விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்துச் சொல்லும். மூக்கடைத்த மாதிரி ஒரு பெண் குரல். என் கணவர் அவளை எங்கள் வீட்டு மூன்றாவது ஆள் என்பார். எழுத்தாக இருந்தால் எதையும் வாசிப்பாள். எழுத்தைப் படமாக்கிப் போட்டுவிட்டால் மட்டும் அவளும் என்னைப் போலத்தான். “படம்” என்பாள், அத்தோடு சரி. அந்தப் படத்துக்குள் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாலும் அவளுக்குத் தெரியாது. படத்தைப் போடுகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று பின்னால் நாலு வார்த்தை எழுதி வைத்தால் அதையும் வாசிப்பாள். யார் எழுதுகிறார்கள்?

எங்கள் கரையோர ஊர்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் இணையத்தளம் இருக்கிறது. பெயர் வேண்டாம். எந்தெந்த ஊருக்கு எப்போது தண்ணீர் வெட்டு, கரண்ட் வெட்டு, ஆஸ்பத்திரியில் எந்தக் கிளினிக் எந்த நாள், யார் மவுத்து, எப்போது நல்லடக்கம், எல்லாம் அதில்தான் வரும். முன்பெல்லாம் மவுத்து அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இப்போதும் சொல்கிறார்கள்தான், ஆனால் அந்தந்த ஊருக்குள் மட்டும். பக்கத்து ஊர் மவுத்து தெரிய வேண்டுமென்றால் போனைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களில் மவுத்தான அன்றைக்கே அடக்கிவிடுவார்கள் என்பதால், காலையில் அறிவித்தலைத் தவறவிட்டவர் மத்தியானத்துக்குப் பிறகு போய்ப் பயனில்லை.

தளத்தைத் தொடங்கிய காலத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் போட்டார்கள். எனக்கு வலு சந்தோஷம். ஊரிலே கண் உள்ளவர்களுக்கு முன்னால் எனக்குச் செய்தி தெரிந்திருக்கும். பிறகு யாரோ வடிவாகப் படம் செய்யத் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்தார். மெதுமெதுவாக எல்லாம் படமாகிக் கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் “ஜும்ஆ முபாரக்” என்று பூவும் பள்ளிவாசலும் போட்ட ஒரு வாழ்த்துப் படம் வரும். அதில் என்ன இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் படத்துக்குக் கீழே, “மாஷா அல்லாஹ், மிக அழகு, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்” என்று என் பெயரில் பதில் போடுவேன். கண் தெரியாதவள் அழகு என்று சொல்வதில் எனக்கு ஒரு குறும்பு.

அன்றைக்கும் அப்படித்தான். “புதிய பதிவு” என்றாள் போன்காரி. விரலைக் கீழே இறக்கினேன். “படம்” என்றாள். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, மற்றவர்கள் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்காமலே வழக்கமான பதிலைப் போட்டேன். பிறகு மீன் கழுவப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். கல்முனையில் உயர்தரம் படிக்கும்போது ஒரே வாங்கில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் கலியாணம் முடித்தாலும் தாய்வீட்டு ஊரிலேயே இருப்பார்கள், மாப்பிள்ளைதான் வருவார். அதனால் அவள் சாய்ந்தமருதிலும் நான் மருதமுனையிலுமாக, நடுவில் கல்முனையை வைத்துக்கொண்டு கிழவிகளாகும் வரை சிநேகிதம் வைத்திருந்தோம். கண் போன பிறகு என்னிடம் குரலை மாற்றாமல் கதைத்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் எனக்குக் காதும் போய்விட்ட மாதிரிச் சத்தம் போட்டுக் கதைத்தார்கள்.

அவள் கூச்சக்காரி. சின்ன வயதில் கடலுக்குப் போனால் கணுக்கால் நனையக்கூட வரமாட்டாள், ஈரச்சேலையில் யாராவது பார்த்துவிடுவார்களாம். அப்படிப்பட்டவளுக்கு நெஞ்சிலே புற்றுநோய் வந்தது. ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். கணவர், மகள், நான் தவிர வேறு யாருக்கும் அதைச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கே வயிற்றில் கட்டி என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒப்பரேஷன் முடிந்து கொஞ்சம் தேறியதும் என் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். என் கையை எடுத்துத் தன் சட்டைக்குள் அந்தத் தழும்பின் மேல் வைத்தாள். நான் கையை எடுக்கவில்லை.

“நான் மவுத்தானா என்னக் குளிப்பாட்ட நீ வரணும்கா” என்றாள். “கை கால மத்த ஆக்கள் கழுவட்டும். நெஞ்சுப் பக்கம் நீ மட்டும்தான். உனக்குக் கண் தெரியாதுதானே.”

“கண் தெரியாதவள் தண்ணி வாத்தா பாதி வெளியதான்கா போகும்” என்றேன்.

“போனாப் போகட்டும். உன்ட கை போதும். மகளுக்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கன். மாட்டன் எண்டு சொல்லிராத.”

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். என் உம்மாவைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். உடம்பைத் துணியால் மூடி, துணிக்குக் கீழே கை விட்டுத்தான் கழுவுவார்கள். ஆனாலும் துணி விலகும், பார்வை போகும். அதற்குத்தான் அவள் பயந்தாள். வாறன் என்று வாக்குக் கொடுத்தேன். நோயாளிக்குச் சொல்லும் சமாதானமாக இல்லை, கண் மூடுமுன் சொல்லிவைக்கும் வஸிய்யத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம்தான் எங்கள் கதை நேரம். அன்றும் அவளுக்குப் போன் போட்டேன். போன கிழமை குரல் கொஞ்சம் களைத்திருந்தது, மற்றப்படி நல்லாகத்தான் இருந்தாள். மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்றாள்.

மணி அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டேன். மகள் எடுத்தாள். என்னைச் சாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளை, அன்று “ம்” என்று மட்டும் சொன்னாள்.

“உம்மா எங்க மகள்?”

“உங்களுக்குத் தெரியாதா சாச்சி? அடக்கிட்டு இப்பத்தான் எல்லாரும் வந்தாங்க.”

எனக்கு விளங்கவில்லை. யாரை அடக்கினார்கள் என்று கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவள் அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்: “உம்மா மவுத்தாகினது உங்களுக்கு மிக அழகா இரிந்திச்சா சாச்சி? நெட்டுல போட்டதுக்குக் கீழ அப்படித்தானே எழுதி இரிக்கீங்க.”

அது வாழ்த்துப் படம் இல்லை. என் சிநேகிதியின் மவுத்து அறிவித்தல். விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உயிர் போயிருக்கிறது. ஜும்ஆவோடு அடக்கம் என்று முடிவெடுத்து உடனே தளத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கறுப்புக் கரையும் ரோசாப்பூவும் வைத்து வடிவாகச் செய்து போட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் நான் மாஷா அல்லாஹ் சொல்லியிருக்கிறேன்.

என் கணவரை எழுப்பினேன். அவரிடம் பட்டன் போன்தான், தளத்தைப் பார்க்கிற வழக்கமில்லை. “என்ன புள்ள, என்ன?” என்று பதறினார். சொன்னேன். சட்டையைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஆட்டோவை எடுத்தார். பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி என்று ஒவ்வொரு இடமாகச் சத்தத்தை வைத்து எனக்குத் தெரியும். அன்றைக்கு எந்த இடத்தில் போகிறோம் என்றே தெரியாமல் இருந்தேன். காலையில் இதே பாதையால் வந்திருந்தால் அவள் இன்னும் வீட்டில் இருந்திருப்பாள் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

மவுத்து வீட்டில் ஆண்கள் வெளியே கதிரைகளில் இருந்து கதைத்துக் கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போய் விட்டார்கள். பாயில் இருந்தேன். ஊதுபத்தியும் கற்பூரமும் மணந்தன. குளிப்பாட்டிய இடத்தின் ஈரம் இன்னும் காயவில்லை, கால் வைக்கும்போது தெரிந்தது. யாரும் என்னோடு கதைக்கவில்லை. நான் என்ன எழுதினேன் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கண் தெரியாதவளின் பக்கத்தில் இருந்து கதைப்பவர்களுக்கு, அவளுக்குக் காது கேட்கும் என்பது மறந்துபோகும். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் மெல்லிய குரலில் கதைத்தார்கள்.

“வயித்துல எண்டுதானே சொன்னாங்க. இஞ்ச பாத்தா ஒரு பக்கம் ஒண்டுமே இல்ல. நேரா வெட்டி எடுத்திரிக்கி.”

“அல்லாஹ்வே! நீ கண்டயாகா?”

“துணி விலகக்குள்ள கண்டன். எனக்கெண்டா நெஞ்சு பதறிப்போச்சு. பாவம் மனிசி.”

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரக்கத்தில்தான் கதைத்தார்கள். குளிப்பாட்டியவர்கள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் மார்க்கம், அதுவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் இரக்கம் வந்தால் மனிதர்களுக்கு வாய் நிற்காது. அவள் கடைசிவரை எதை மறைத்தாளோ, அதைப் பாயில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆள் ஆளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். நான் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுக் கொண்டிருந்தேன். “வாயை மூடுங்க” என்று கத்த வேண்டும் போல இருந்தது. மாஷா அல்லாஹ் சொன்னவளுக்கு அங்கே என்ன வாய் இருக்கிறது?

கொஞ்சம் ஆட்கள் குறைந்த பிறகு மகளைத் தேடிப் பிடித்தேன். கையைப் பிடித்தேன், உதறப் பார்த்தாள், விடவில்லை. போனை எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் பதிவின் மேல் விரலை வைத்தேன். “படம்” என்றாள் போன்காரி. திரும்ப வைத்தேன். “படம்.” இன்னும் ஒருமுறை. “படம்.”

பிள்ளையின் கை என் கைக்குள் தளர்ந்தது.

“அப்ப உங்களுக்கு இதுல என்ன இரிக்கெண்டு…”

“தெரியா மகள்.”

அவள் அந்தப் படத்தில் இருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், காலமானார், ஜும்ஆவுக்குப் பின் நல்லடக்கம். நாலைந்து வரிதான். ஒரு நிமிஷத்தில் தட்டச்சு செய்துவிடலாம்.

பிறகு சொன்னாள்: “உம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இரிந்திச்சி சாச்சி. உங்களுக்கு ஆட்டோ அனுப்பத்தான் பாத்தம். அந்த நேரம்தான் ஆரோ உங்கட கமென்டக் காட்டினாங்க. எனக்கு விசர் புடிச்ச மாதிரி ஆகிட்டு. அவங்க வரத் தேவல்ல எண்டு நான்தான் சொன்னன்.” சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து, சத்தம் வெளியே போகாமல் அழுதாள்.

அவளை நான் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. உம்மா மவுத்தான வீட்டில் அப்படி ஒரு வசனத்தைக் கண்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சில நாள் கழித்து நானும் கணவருமாகத் தளம் நடத்துகிறவர்களின் அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் ஒரு அறை. பொறுப்பானவர் மரியாதையான மனிதர். நான் பாடசாலையில் படிப்பித்தவள் என்று தெரிந்து டீச்சர் என்றுதான் கூப்பிட்டார், பிளேன்டீ வரவழைத்தார். படத்துக்குக் கீழே அதே விஷயத்தை எழுத்திலும் போடுங்கள், அல்லது படத்தோடு விளக்கம் எழுதும் இடத்தில் எழுதுங்கள் என்று கேட்டேன்.

“உங்களப்போல ஆக்களுக்கெண்டு ஏற்கெனவே ஒரு பட்டன் போட்டிரிக்கம் டீச்சர்” என்றார் சந்தோஷமாக. சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பட்டனாம். அதை அமுக்கினால் தளத்திலுள்ள எழுத்தெல்லாம் பெரிதாகுமாம், நிறமும் மாறுமாம்.

எழுத்து யானை அளவுக்குப் பெருத்தாலும் எனக்கு ஒன்றுதானே தம்பி என்றேன். அவர் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.

“கீழ எழுத்துப் போட்டா வடிவு கெட்டுப்போகும் டீச்சர். ஆக்களும் இப்ப படத்தத்தான் பாக்காங்க. பொய் சொல்லப்படாது, உங்களப்போல எத்தின பேர்தான் இத வாசிக்கப் போறாங்க?”

சிநேகிதியைக் குளிப்பாட்ட நான் ஏன் போயிருக்க வேண்டும் என்ற கதையைச் சொன்னால் ஒருவேளை அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் நானும் அந்தப் பாயில் இருந்து கதைத்த பெண்களில் ஒருத்தியாகிவிடுவேன். பக்கத்தில் இருந்த என் கணவருக்கே அந்தத் தழும்பைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. அதனால் ஏதோ ஒரு கண் தெரியாத மனுசி தன் வசதிக்காக வந்து வாதாடுகிற மாதிரி ஆகிவிட்டது. “ஒரு ஆளுக்கெண்டாலும் போடலாந்தானே தம்பி” என்று மட்டும் சொன்னேன். பாப்பம் டீச்சர் என்றார்.

கொஞ்சக் காலம் போட்டார்கள், பொய் சொல்லக்கூடாது. மவுத்து அறிவித்தலுக்குக் கீழே இரண்டு வரி எழுத்தில் வந்தது. பிறகு ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை. பிறகு வருவதே இல்லை. திரும்பவும் போய்க் கேட்டேன், பொறுப்பு வேறு ஒருவரிடம் மாறியிருந்தது. முதலிலிருந்து சொன்னேன். அவரும் டீச்சர் என்றார், அவரும் பாப்பம் என்றார்.

இதை எழுதலாமா என்று சிநேகிதியின் மகளிடம் கேட்டேன். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது சாச்சி, பெயர் மட்டும் போடாதீங்க என்றாள். அதனால் எழுதுகிறேன். என் கணவரும் இதை யாராவது வாசித்துக் காட்டித்தான் தெரிந்துகொள்வார்.

அடக்கம் செய்த மையவாடிக்குப் பெண்கள் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆகவே அவளிடம் போய் இப்படி ஆகிவிட்டது என்று சொல்வதற்கும் எனக்கு இடம் கிடையாது. தொழுகையில் மட்டும் சொல்கிறேன். அவளுக்குக் கேட்கிறதோ இல்லையோ, என் கை இன்னும் அந்த வேலைக்காகக் காத்திருப்பது போல இருக்கிறது.

இன்றும் வெள்ளிக்கிழமை. காலையில் தளத்தைத் திறந்தேன். “புதிய பதிவு. படம்” என்றது. பூவா, மவுத்தா என்று எனக்குத் தெரியாது. பதில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டேன். எந்தப் படம் வந்தாலும் இப்போது “இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்றுதான் வாய்க்குள் சொல்லிக் கொள்கிறேன். வாழ்த்துக்கு மவுத்தின் வார்த்தையைச் சொன்னதை அல்லாஹ் மன்னித்துவிடுவான், மவுத்துக்கு வாழ்த்துச் சொன்னதை என்னால்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.